ஃபோகோ தீவின் ஆள்கணக்கும் வீட்டுக்கணக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துப் பக்கம் வேலை கிடைத்ததும் "அந்த ஊர் எப்படி?" என்று விசாரிப்பவர்கள், பெரும்பாலும் கனடா புள்ளியியல் துறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து வெளியிடும் ஊர் விவரப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் என்னிடம் பேசுகிறார்கள். கேட்கும் ஆள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அவற்றை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். எல்லாப் பதில்களுக்கும் ஒரே ஊரை, ஃபோகோ தீவை, எடுத்துக்கொண்டேன். சின்ன ஊரின் எண்களில் இருக்கும் எல்லாச் சிக்கலும் அங்கே இருக்கிறது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

1. ஃபோகோ தீவு எங்க இருக்கு? எத்தனை பேர் இருக்காங்க?

நியூஃபவுண்ட்லாந்தின் வடகிழக்குக் கரைக்கு அப்பால், அட்லாண்டிக் கடலில் இருக்கும் தீவு. ஃபேர்வெல் என்ற துறையிலிருந்து காரோடு படகேறிப் போக வேண்டும். ஃபோகோ, டில்டிங், ஜோ பாட்ஸ் ஆர்ம், செல்டம் என்று கரையோரமாகச் சிதறிய மீனவக் குடியிருப்புகள் சேர்ந்ததுதான் இன்றைய ஃபோகோ தீவு நகரம்.

2011 கணக்கெடுப்பில் 2,395 பேர். 2016-இல் 2,244. 2021-இல் 2,117. பரப்பு சுமார் 237 சதுர கிலோமீட்டர் என்பதால் சதுர கிலோமீட்டருக்கு 9 பேர்கூட இல்லை. 2016-க்கும் 2021-க்கும் இடையே 5.7% குறைந்துபோனது. அதே ஐந்தாண்டில் கனடா முழுவதும் 5.2% கூடியது. அப்போது மக்கள்தொகை இறங்கிய ஒரே மாகாணம், இந்தத் தீவு இருக்கும் நியூஃபவுண்ட்லாந்து-லாப்ரடார்தான்: 5,19,716-இலிருந்து 5,10,550.

2. "டவுன்"னு போட்டிருக்கே, அப்புறம் ஏன் கிராமப்புறம்னு சொல்றாங்க?

டவுன் என்பது நிர்வாகப் பெயர். மேயர், மன்றம், வரி வசூல் உண்டு என்று மட்டுமே அதற்குப் பொருள். புள்ளியியல் துறையின் அளவுகோல் வேறு. குறைந்தது 1,000 பேர் ஓரிடத்தில் சேர்ந்திருக்க வேண்டும், அங்கே சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது இருக்க வேண்டும். அப்படி இருந்தால் அது மக்கள் மையம். மீதி எல்லாமே கிராமப்புறம். ஃபோகோ தீவின் எந்தக் குடியிருப்பும் இந்த அளவை எட்டாது.

இந்தக் கணக்குப்படி 2021-இல் கனடாவின் கிராமப்புறங்களில் 66 லட்சம் பேர் இருந்தார்கள், நாட்டின் மக்கள்தொகையில் 17.8%. அஞ்சல் குறியீட்டைப் பார்த்தும் ஓரளவு கண்டுபிடிக்கலாம். இரண்டாவது இடத்தில் 0 இருந்தால் அஞ்சல் துறைக்கு அது கிராமப்புற முகவரி.

3. அண்ணை, 2006 குடிசனக் கணக்கில ஃபோகோ தீவு நகரம் எண்டு தேடினால் வருதில்லை. ஏன்?

அப்போது அப்படி ஒரு நகரம் இல்லை. தனித்தனி நகரங்களாக இருந்தவற்றை 2011 மார்ச்சில்தான் ஒன்றாக்கினார்கள். பழைய எண் வேண்டுமானால் அந்தக் குடியிருப்புகளின் எண்களைக் கூட்ட வேண்டும். அல்லது 2011 பட்டியலில் "முந்தைய கணக்கெடுப்பு" என்ற வரியைப் பாருங்கள். அதில் இன்றைய எல்லைக்கு ஏற்பத் திருத்திய எண் இருக்கும்.

எந்தச் சின்ன ஊரைப் பார்த்தாலும் இதை முதலில் சரிபாருங்கள். பத்தாண்டில் ஆள்தொகை இரட்டிப்பானதாகக் காட்டும் ஊர்களில் பல, பக்கத்து ஊரைச் சேர்த்துக்கொண்ட ஊர்களாக இருக்கும்.

4. வருஷத்துல பாதி நாள் அல்பெர்ட்டாவுல வேலை பார்க்கிறவரை எந்த ஊர்க் கணக்குல சேர்ப்பாங்க?

குடும்பம் இருக்கும் ஊரில். கணக்கெடுப்பு நாளில் (2021-இல் அது மே 11) ஒருவர் எங்கே தூங்கினார் என்று பார்ப்பதில்லை. அவருடைய வழக்கமான இருப்பிடம் எது என்றுதான் பார்க்கிறார்கள். மூன்று வாரம் மேற்கே அல்பெர்ட்டா மாகாணத்து எண்ணெய் வயலில், ஒரு வாரம் வீட்டில் என்று இருப்பவர்கள் நியூஃபவுண்ட்லாந்தில் நிறைய. மனைவி, பிள்ளைகள் ஃபோகோவில் இருந்தால் அவரும் ஃபோகோக்காரர்தான். மாகாணத் தலைநகரான செயின்ட் ஜான்ஸில் படித்துக்கொண்டு, விடுமுறைக்கு அப்பா அம்மா வீட்டுக்கு வந்து தங்கும் மாணவரும் பெற்றோர் வீட்டுக் கணக்கில்தான் வருவார்.

டொரண்டோவில் இருந்துகொண்டு கோடையில் மட்டும் தீவுக்கு வருகிறவர் இந்தக் கணக்கில் இல்லை. அவர் வீடு மட்டும் இருக்கும். அடுத்த கேள்விக்கு இது தேவைப்படும்.

5. வீட்டுக் கணக்குல ரெண்டு எண் இருக்கு. எதை எடுத்துக்கணும்?

இரண்டையும் எடுங்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் அந்தப் பட்டியலிலேயே எனக்கு அதிகம் சொல்லும் எண். முதலாவது, மொத்தத் தனியார் குடியிருப்புகள்: குடியிருக்கத் தகுந்த வீடு எல்லாம். இரண்டாவது, வழக்கமாக வசிப்பவர்கள் இருக்கும் வீடுகள் மட்டும். கழித்தால் வருவதில் பூட்டிய வீடு, கோடை வீடு, விற்பனைக்குக் கிடக்கும் வீடு, வேறு ஊர்க்காரர்கள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் வீடு எல்லாம் கலந்திருக்கும். எது எவ்வளவு என்று பட்டியல் பிரித்துச் சொல்லாது.

நகரத்தில் இந்த இடைவெளி சிறியது. அட்லாண்டிக் கரையின் மீனவ ஊர்களில் பெரிதாக இருக்கும். முதியோர் இல்லம் போன்ற கூட்டுக் குடியிருப்புகள் இந்த இரண்டிலுமே சேராது. ஆனால் அங்கே வசிப்பவர்கள் மக்கள்தொகையில் உண்டு. அதனால் ஆள்தொகையை வீட்டு எண்ணால் வகுத்து "வீட்டுக்கு இத்தனை பேர்" என்று நீங்களே கணக்குப் போட்டால் சற்றுப் பிசகும். சராசரிக் குடும்ப அளவு தனி வரியாகவே கொடுக்கப்பட்டிருக்கும், அதைப் பாருங்கள்.

6. சனம் குறையுதெண்டால் வீடு மலிவாக் கிடைக்கும்தானே அண்ணை?

என்னிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி இது. இதை நம்பி, வீடு பார்க்காமலே வேலைக்கு ஒப்புக்கொள்கிறவர்கள் இருப்பதால் விரிவாகவே சொல்கிறேன். ஆள் குறைவதற்கும் வீடு காலியாவதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. நூறு வீட்டில் வீட்டுக்கு நான்கு பேராக 400 பேர் இருந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் படித்து வெளியூர் போகிறார்கள். வீட்டில் தாயும் தகப்பனும் மட்டும். ஊர் 200 ஆகிவிட்டது, பாதிச் சனம் போயாயிற்று. ஆனாலும் ஒரு வீடுகூடக் காலியாகவில்லை. இன்னும் பத்து வருடத்தில் அந்த இருவரில் ஒருவர் போய்விட, மற்றவர் அதே வீட்டில் தனியாக இருப்பார். ஊர் நூறுக்கு இறங்கும், வீடு அப்படியே நிறைந்திருக்கும்.

அந்தக் கடைசி ஆளும் போன பிறகு வீடு சந்தைக்கு வருமா? பெரும்பாலும் வராது. தாத்தா தன் கையால் கட்டிய மரவீடு. கடன் கிடையாது, வைத்திருக்கப் பெரிய செலவும் இல்லை. டொரண்டோவிலோ அல்பெர்ட்டாவிலோ இருக்கும் பிள்ளைகள் ஜூலை, ஆகஸ்டில் வந்து திறந்து, காற்றோட விட்டு, பூட்டிவிட்டுப் போவார்கள். விற்க மனம் வராது. எனக்கு அதில் குறை சொல்லத் தோன்றவில்லை. ஆனால் செப்டம்பரில் வேலைக்கு வந்து இறங்கும் செவிலிக்கோ ஆசிரியருக்கோ அந்த வீடு இல்லாத வீடுதான்.

இன்னொரு பக்கம் தேவை கூடுகிறது. 2013-இல் ஜோ பாட்ஸ் ஆர்மில் 29 அறைகளோடு ஃபோகோ தீவு விடுதி திறந்தது. உலகெங்கிலுமிருந்து விருந்தினர்கள் வருகிறார்கள், வேலை செய்ய ஆள் வேண்டும், அந்த ஆளுக்குக் கூரை வேண்டும். நண்டு, மீன் பதனிடும் ஆலைகளுக்கும் பருவகால ஆட்கள் தேவை. சுற்றுலாப் பயணிக்கு நாள் வாடகைக்கு விட்டால் கூடுதலாகக் கிடைக்கும் என்பதால், வருட வாடகைக்கு விடும் வீடுகள் குறைகின்றன. புதிதாகக் கட்டலாமே என்றால், பலகையும் ஆணியும் படகில் வர வேண்டும், கட்டும் ஆட்கள் குறைவு. கட்டி முடிக்கும் செலவைவிடக் கட்டிய வீட்டின் சந்தை மதிப்பு குறைவாக இருந்தால் வங்கி முழுக்கடன் தராது.

7. சொந்த வீட்டுக்காரங்க விகிதம் இவ்வளவு அதிகமா இருக்கே, வசதியான ஊரா?

வசதியைக் காட்டும் எண் இல்லை அது. 2021-இல் கனடா முழுவதும் 66.5% குடும்பங்கள் சொந்த வீட்டில் இருந்தன. நியூஃபவுண்ட்லாந்து-லாப்ரடாரில் அது 75.7%. மீனவ ஊர்களில் வாடகை என்ற வழக்கமே பெரிதாக இருந்ததில்லை. அப்பன் நிலத்தின் ஓரத்தில் மகன், உறவினர் துணையோடு வீடு கட்டிக்கொள்வான். சொந்த வீடு அதிகம் என்பதை "வாடகை வீடு அரிது" என்று படித்துக்கொள்ளுங்கள்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் நிலத்துக்குப் பல குடும்பங்களிடம் ஒழுங்கான பத்திரம் இருக்காது. அரசு நிலத்தில் அனுபோக உரிமை (நீண்ட காலம் அனுபவித்ததாலேயே கிடைக்கும் உரிமை) கோரலாம் என்ற பழைய வழி 1977 தொடக்கத்தோடு அடைபட்டுவிட்டது. அதற்கு முன்பே நீண்ட காலம் தொடர்ச்சியாக அனுபவித்ததாகக் காட்டினால்தான் உரிமை நிற்கும். அதற்கு ஊர்ப் பெரியவர்களின் உறுதிமொழி வேண்டும், அந்தப் பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். விலை மலிவு என்று முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்த மாகாணத்து வழக்கறிஞர் ஒருவரை உரிமைத் தொடரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

8. பட்டியல்ல இருக்கிற வரிகளைக் கூட்டினா மொத்தம் வரமாட்டேங்குது. தப்பா போட்டுட்டாங்களா?

தப்பில்லை, வேண்டுமென்றே செய்வது. ஒருவரை அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காக விவர எண்களை 5-இன் மடங்குகளாக மேலோ கீழோ தள்ளிவிடுவார்கள். ஒவ்வொரு வரியும் தனித்தனியாகத் தள்ளப்படும், மொத்தமும் தனியாகத் தள்ளப்படும். அதனால் கூட்டல் ஒத்துவராது.

பெரிய நகரத்தில் இது கண்ணுக்கே தெரியாது. சின்ன ஊரில் எண்ணையே மாற்றிவிடும். நான்கு பேர் உள்ள ஒரு குடும்பம் 5 என்றும் வரலாம், 0 என்றும் வரலாம். ஆகவே 10, 15 போன்ற எண்களை வைத்து "இரட்டிப்பாகிவிட்டது", "பாதியாகிவிட்டது" என்று சொல்லக் கூடாது. படிப்பு, வேலை, பிறந்த நாடு, வீட்டுச் செலவு போன்றவை நீண்ட படிவத்தில் வருபவை. அதைப் பொதுவாக நான்கு குடும்பங்களுக்கு ஒன்றிடம்தான் நிரப்பச் சொல்வார்கள். ஒரு குடும்பத்தின் பதில் நான்குக்கு நிற்கும்போது, அந்த ஒரு குடும்பம் யார் என்பது சின்ன ஊரின் படத்தையே மாற்றும்.

9. பக்கத்து ஊருக்கு எல்லாக் கட்டத்துலயும் "எக்ஸ்"னு இருக்கு. 2011-க்குப் பாதி விவரமே காணோம்.

இரண்டும் வேறு வேறு காரணம். 40 பேருக்குக் குறைவான இடங்களுக்கு ஆள்தொகை, வீட்டு எண்ணிக்கை தவிர மற்ற விவரங்களை மறைத்துவிடுவார்கள், அந்தரங்கம் காக்க. அதற்குத்தான் "எக்ஸ்" குறி.

2011-இன் கதை வருத்தமானது. கட்டாயமாக இருந்த நீண்ட படிவத்தை 2010-இல் அன்றைய மத்திய அரசு நீக்கி, விரும்பினால் நிரப்பலாம் என்ற ஆய்வாக மாற்றியது. தலைமைப் புள்ளியியலாளர் முனிர் ஷேக் அதை ஏற்க முடியாமல் பதவி விலகினார். பதில் தராதவர்கள் பாதிக்கு மேல் போன இடங்களின் முடிவுகளை வெளியிடவே முடியவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்கள் அப்படி விடுபட்டன, பெரும்பாலும் சிற்றூர்கள். 2016-இல் கட்டாயப் படிவம் திரும்பியது, ஆனால் அந்த ஊர்களின் 2011 ஓட்டையை இனி யாரும் அடைக்க முடியாது. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பணம் கேட்கப் போகும் ஒரு சின்ன நகர மன்றத்துக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை நினைத்துப் பாருங்கள்.

10. 2021 பட்டியல்ல வருமானம் நல்லா கூடியிருக்கே?

அதில் இருப்பது 2020-ஆம் ஆண்டின் வருமானம். கோவிட் உதவித்தொகையாக நான்கு வாரத்துக்கு 2,000 டாலர் கொடுத்த ஆண்டு. பருவகால வேலைக்காரர்கள் அதிகமுள்ள ஊர்களில் அந்த ஒரே ஆண்டு தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். 2016 பட்டியலில் இருக்கும் 2015-ஆம் ஆண்டு வருமானத்தையும் பாருங்கள். சராசரியை விட்டு இடைநிலை வருமானத்தை (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவரின் வருமானம்) பாருங்கள், சொந்தமாகப் பெரிய நண்டுப் படகு வைத்திருக்கும் நாலு பேர் சராசரியை மேலே இழுத்துவிடுவார்கள்.

11. "அடிப்படை வீட்டுத் தேவை" சதவீதம் குறைவுதான். அப்ப வீட்டுப் பிரச்சினை இல்லைன்னுதானே அர்த்தம்?

வீட்டுக்குப் பெரிய பழுது இருக்கிறதா, ஆள்களுக்குப் போதிய படுக்கையறை உண்டா, வருமானத்தில் 30%-க்கு மேல் வீட்டுக்கே போகிறதா என்று மூன்று பார்க்கிறார்கள். இவற்றில் ஒன்றிலாவது தவறி, அதே பகுதியில் தகுந்த வேறு வீட்டுக்குப் போகவும் வருமானம் போதாது என்றால் அந்தக் குடும்பம் இந்தக் கணக்கில் வரும். கனடா அளவில் 2016-இல் 12.7%, 2021-இல் 10.1%. 10-ஆம் கேள்வியில் சொன்ன உதவித்தொகையின் நிழல் இதிலும் உண்டு.

கடன் அடைந்த பழைய வீட்டில் இருக்கும் முதியவருக்கு மாதச் செலவு குறைவு, அதனால் அவர் இந்தக் கணக்கில் வரமாட்டார். இதைவிட முக்கியமானது ஒன்று. இங்கே எண்ணப்படுவது ஊரில் வீடு கிடைத்து இருப்பவர்கள் மட்டும். வேலை கிடைத்தும் வீடு கிடைக்காமல் வராமலே போனவரும், ஆறு மாதம் யார் வீட்டு மாடியிலோ இருந்துவிட்டுத் திரும்பிப்போனவரும் எந்தப் பட்டியலிலும் இல்லை.

12. இப்படியே குறைஞ்சா ஊரை மூடிடுவாங்களா?

நியூஃபவுண்ட்லாந்தில் இது வெறும் பயம் இல்லை, நடந்த வரலாறு. 1954 முதல் 1975 வரை அரசின் இடமாற்றத் திட்டங்களில் சுமார் 300 ஊர்கள் கைவிடப்பட்டன, கிட்டத்தட்ட 30,000 பேர் பெயர்ந்தார்கள். பலர் வீட்டையே கடலில் மிதக்கவிட்டு இழுத்துப் போனார்கள். ஃபோகோ தீவுக்கும் அந்த நெருக்கடி வந்தது. 1967-இல் தேசியத் திரைப்பட வாரியமும் மெமோரியல் பல்கலைக்கழகமும் தீவு மக்களைப் பேசவைத்துப் படமெடுத்து, அவர்களுக்கே போட்டுக் காட்டின. ஒருவர் பேச்சை ஒருவர் கேட்ட மக்கள், இருப்பது என்று முடிவெடுத்துக் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். 1992 ஜூலை 2-இல் காட் மீன்பிடிப்பு தடைசெய்யப்பட்டு மாகாணமே ஆட்டம் கண்டபோதும் அந்தச் சங்கம் நின்றது. அந்தத் தடைக்குப் பின் மாகாணத்தின் ஆள்தொகை 5,68,474-இலிருந்து (1991) 5,05,469-க்கு (2006) இறங்கியதை வைத்துப் பார்த்தால், நின்றது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்.

இன்று அரசு தானாக ஊரை மூடுவதில்லை, ஊரார் கேட்க வேண்டும். லிட்டில் பே ஐலண்ட்ஸ் என்ற தீவில் 2015-இல் வாக்கெடுப்பு நடந்தது. தேவைப்பட்டது 90%, கிடைத்தது 89.47%. நூலிழையில் நின்றுபோனது. 2019-இல் எல்லோரும் சம்மதித்தார்கள், அந்த ஆண்டு டிசம்பர் 31-ஓடு மின்சாரமும் படகும் நின்றன. 2016 கணக்கில் அங்கே 71 பேர். இவ்வளவு சின்ன ஊரில் யார் நிரந்தரவாசி, யார் கோடைக்கு வருபவர் என்ற, 4-ஆம் கேள்வியில் பார்த்தது போன்ற வரையறை, ஒரு ஊரின் ஆயுளையே தீர்மானிக்கிறது.

13. அந்தப் பக்கம் தமிழ் ஆக்கள் யாரும் இருக்கினமோ? பட்டியலில 0 எண்டு கிடக்கு.

தாய்மொழி எல்லாக் குடும்பங்களிடமும் கேட்கப்படும் கேள்வி. ஆனாலும் 8-ஆம் கேள்வியில் சொன்னபடி 0 என்றால் யாருமே இல்லை என்று பொருளில்லை. ஒரு குடும்பம் இருக்கலாம்.

நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கும் நமக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. 1986 ஆகஸ்ட் 11 அன்று, இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மூடுபனிக்குள் விடப்பட்ட 155 ஈழத்தமிழர்களை செயின்ட் ஷாட்ஸ் அருகே கண்டு காப்பாற்றியவர் கஸ் டால்டன் என்ற மீன்பிடிப் படகுத் தலைவர். அவரும் இப்படி ஒரு பட்டியலில் நாலு வரியில் அடங்கிவிடும் சிற்றூரைச் சேர்ந்தவர்தான்.

14. தம்பிக்கு அட்லாண்டிக் குடியேற்றத் திட்டத்துல (அட்லாண்டிக் மாகாண முதலாளிகள் வெளிநாட்டு ஆட்களை வேலைக்கு எடுக்கிற திட்டம்) வேலை வந்திருக்கு. குடும்பத்தோட போறான். பட்டியல்ல எதை மட்டும் பார்த்தா போதும்?

நான்கு இடம். 5-ஆம் கேள்வியின் இரண்டு எண்களுக்கும் உள்ள இடைவெளி. வாடகைக்கு இருக்கும் குடும்பங்களின் எண்ணிக்கை, சதவீதம் வேண்டாம். வீடு கட்டப்பட்ட காலமும் பெரிய பழுது வரியும் (வீட்டுக்காரர்களே சொன்ன பதில் அது, பொறியாளர் பார்த்தது இல்லை). பிறகு 0 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளின் எண்ணிக்கை. ஃபோகோ தீவுக்கு முழுவதும் சேர்த்து ஒரே பள்ளி, மழலை வகுப்பிலிருந்து 12 வரை. பிள்ளைகள் இருக்கும்வரைதான் ஆசிரியர்களும் இருப்பார்கள்.

பிறகு பட்டியலை மூடிவிட்டு, வேலை கொடுப்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்: "வரும் அக்டோபரிலிருந்து அடுத்த ஜூன் வரை நாங்கள் எந்த வீட்டில் இருப்போம்?" கோடை வாடகையைக் காட்டிச் சமாளித்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். முகவரியும் வீட்டுக்காரர் பெயரும் கைக்கு வந்த பிறகு விமானச் சீட்டு எடுங்கள்.